அடுப்பைப் பெரிதாக்குவதா, வேண்டாமா?
கொல்லிமலைப் பேக்கரி ஒன்றின் வரவு செலவுக் கணக்கு

ஒரு தொழிலைத் தொடங்குவது கஷ்டம் என்று எல்லோரும் சொல்வார்கள். தொடங்கிய தொழில் சுமாராக நடந்து, நாலு பேர் நல்ல பெயர் சொல்லத் தொடங்கிய பிறகு வருகிற கஷ்டத்தைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. "நன்றாகத்தானே ஓடுகிறது, இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினால் என்ன?" என்று மைத்துனர் கேட்பார். "பாங்கியில் கடன் கொடுக்கிறார்கள், மானியமும் இருக்கிறது" என்று தெரிந்தவர் ஒருவர் சொல்வார். "அகலக் கால் வைக்காதே" என்று வீட்டுப் பெரியவர் தடுப்பார். மூவர் பேச்சிலும் நியாயம் இருப்பதாகவே தோன்றும்.

இன்று தமிழ்நாட்டில் குடும்பமாக நடத்தப்படும் சிறு பேக்கரிகள் பலவற்றின் முன்னால் இந்தக் கேள்வி நிற்கிறது. 2025 செப்டம்பர் 22ஆம் தேதி முதல் பிஸ்கட், கேக் முதலிய பண்டங்களின் மீதான சரக்கு சேவை வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 2023ஆம் ஆண்டு உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்ட பிறகு, ராகி பிஸ்கட், தினை பிஸ்கட் என்றால் பட்டணத்தில் விலை கொடுத்து வாங்குகிற ஜனங்கள் இருக்கிறார்கள். "இதுதான் சமயம்" என்று சொல்பவர்களுக்குப் பஞ்சமில்லை.

சமயம்தானா என்பதைச் சோதித்துப் பார்க்கக் கொல்லிமலையைவிடத் தெளிவான இடம் கிடைப்பது அரிது. சமவெளியில் சரக்கு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, யார் வாங்குகிறார்கள் என்பதெல்லாம் கலந்து கிடக்கும். மலையிலோ எல்லாம் ஒரே ரஸ்தாவில் ஏறி, அதே ரஸ்தாவில் இறங்கவேண்டும். கணக்கு மறைவதற்கு இடமில்லை.

மலையும் சந்தையும்

நாமக்கல் மாவட்டத்தில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கொல்லிமலை. மலையில் 14 நாடுகள். வளவந்தி நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு என்று அடுக்கிக்கொண்டு போகும் அந்த வரிசையில் திண்ணனூர் நாடும் ஒன்று. இங்கே வசிப்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடி மக்கள். மிளகு, காப்பி, பலா, அன்னாசி, வாழை, மரவள்ளி ஆகியவை மலையின் வருமானம். அடிவாரத்தில் உள்ள காரவள்ளியிலிருந்து மேலே வர 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும்.

இந்த 70 வளைவுகள்தான் மலைமேல் உள்ள பேக்கரிக்காரருக்கு வேலி. காலையில் சுட்ட பன்னைக் காலையிலேயே கொடுக்கக் கூடியவர் அவர் ஒருவர்தான். கீழேயிருந்து வரும் ரொட்டி வந்து சேர்வதற்குள் பழசாகிவிடுகிறது. ஆனால் வேலி என்பது வெளியே உள்ளவரை உள்ளே விடாமல் தடுப்பதைப் போலவே, உள்ளே உள்ளவரை வெளியே விடாமலும் தடுக்கும். மைதா, சீனி, வனஸ்பதி, ஈஸ்ட் ஆகிய நான்கும் கீழேயிருந்துதான் ஏறிவர வேண்டும். அவற்றால் செய்த பண்டத்தை மறுபடியும் கீழே கொண்டுபோய் விற்பதென்றால் ஏற்றக்கூலி ஒரு தடவை, இறக்கக்கூலி ஒரு தடவை. மைதா விளையாத மலையில் மைதாவை ஏற்றி, ரொட்டியாக்கி, ஆலைகள் நிறைந்த சமவெளியில் கொண்டுபோய் விற்று லாபம் பார்ப்பது நடக்காத காரியம்.

ஆகவே, சாதாரண ரொட்டியையும் பன்னையும் பொறுத்தவரை மலைப் பேக்கரியின் சந்தை மலைதான். அந்தச் சந்தையிலும் இரண்டு விதமான வாடிக்கைக்காரர்கள் இருக்கிறார்கள். ஒருவர் உள்ளூர்க்காரர். திங்கள் முதல் வெள்ளி வரை டீயோடு ஒரு பன், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம், காய்ச்சலில் கிடப்பவருக்கு ஒரு ரொட்டி என்று வாங்குபவர் அவர். மற்றவர் சுற்றுலா வருபவர். ஆகாய கங்கை அருவியையும் அறப்பளீஸ்வரர் கோவிலையும் பார்க்க சனி, ஞாயிறுகளில் வருகிறார். ஆடிப் பதினெட்டையொட்டி நடக்கும் வல்வில் ஓரி விழாவுக்குக் கூட்டம் கூட்டமாக வருகிறார். பஃப்ஸும் கேக்கும் கேட்கிறார். போய்விடுகிறார்.

விஸ்தரிப்பைப் பற்றிய ஆசை பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் பிறக்கிறது. கடை வாசலில் கார்கள் நிற்கின்றன. கண்ணாடி அலமாரி காலியாகிவிட்டது. கேட்டவர்களுக்கு "இல்லை" என்று சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது. "இன்னொரு அடுப்பு இருந்திருந்தால்!" என்று மனம் அடித்துக்கொள்கிறது. ஆனால் கடன் தவணை ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவதில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அலமாரியில் மிஞ்சிக் கிடக்கும் பன்களையும் எண்ணிப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

ஒரு கணக்கு

எண்களைப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். கீழே வருவது எந்த ஒரு கடையின் கணக்கும் அல்ல, உதாரணத்துக்காக எடுத்துக்கொண்டது. தங்கள் கடையின் எண்களை இதே இடங்களில் போட்டு யாரும் பார்த்துக்கொள்ளலாம்.

கணவன், மனைவி, வளர்ந்த மகன், கணவனின் தம்பி ஆக நான்கு பேர் உழைக்கும் ஒரு பேக்கரி என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரண நாளில் 4,000 ரூபாய் வியாபாரம். சனி, ஞாயிறுகளில் நாளுக்கு 10,000 ரூபாய். மாதத்தில் 22 சாதாரண நாட்களுக்கு 88,000 ரூபாய். எட்டு விடுமுறை நாட்களுக்கு 80,000 ரூபாய். ஆக மொத்தம் 1,68,000 ரூபாய்.

இதில் நூற்றுக்கு 60 மாவு, சீனி, எண்ணெய், முட்டை முதலியவற்றுக்குப் போய்விடும். விறகு, பொட்டலக் காகிதம், ஏற்றக்கூலிக்கு நூற்றுக்கு 10. வாடகை, விளக்கு முதலிய நிலையான செலவு மாதம் 8,400 ரூபாய். மிஞ்சுவது 42,000 ரூபாய்.

இந்த 42,000 ரூபாயைத்தான் குடும்பம் லாபம் என்று நினைத்துக்கொள்கிறது. உண்மையில் அது லாபம் அல்ல, கூலி. நான்கு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 10,500 ரூபாய். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மாவு பிசைவதற்கும், இரவு எட்டு மணிக்குக் கடை சாத்துவதற்கும் கிடைக்கிற கூலி அது. குடும்பத்தின் கூலியை லாபம் என்று எண்ணி அதன்மேல் கடன் வாங்குவதுதான் சிறு தொழில்கள் செய்கிற முதல் தவறு.

இப்போது விஸ்தரிப்பு. புதிய மின்சார அடுப்பு, பெரிய மாவு பிசையும் இயந்திரம், கொட்டகை, கண்ணாடி அலமாரி எல்லாம் சேர்த்து 10 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். கையிலிருந்து ஒரு லட்சம். பாங்கிக் கடன் 9 லட்சம். வட்டி 11 சதவீதம், ஐந்து வருஷத் தவணை என்றால் மாதம் சுமார் 19,570 ரூபாய் கட்டவேண்டும். இரண்டு கூலியாட்களுக்குத் தலைக்கு 12,000 வீதம் 24,000 ரூபாய். கூடுதல் மின்சாரம் 5,000 ரூபாய். ஆக மாதம் 48,570 ரூபாய் புதுச் செலவு.

ஒவ்வொரு நூறு ரூபாய் வியாபாரத்திலும் சரக்குச் செலவு போக 30 ரூபாய்தான் நிற்கிறது. ஆகவே 48,570 ரூபாயைச் சம்பாதிக்க ஏறக்குறைய 1,62,000 ரூபாய்க்குக் கூடுதல் வியாபாரம் நடக்க வேண்டும். இன்று நடப்பதே 1,68,000தான். அதாவது, வியாபாரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானால்தான் குடும்பம் முன்பு வாங்கிய அதே 42,000 ரூபாயைப் பார்க்க முடியும். இரட்டிப்பானால் இரட்டிப்பு லாபம் என்பதல்ல. இரட்டிப்பானால் பழைய நிலை.

அந்தக் கூடுதல் வியாபாரம் எங்கேயிருந்து வரும்? சுற்றுலாக்காரர்கள் வாங்குவது இரண்டு மடங்காகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். 80,000 ரூபாய் கூடுகிறது. அதில் நிற்பது 24,000. இன்னும் 24,570 ரூபாய் குறைகிறது. நான்கு பேருக்கும் சேர்த்து மிஞ்சுவது 17,430 ரூபாய். கூட்டம் இரட்டித்தும் வீட்டு வருமானம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது!

மழை பிடித்துக்கொண்டு, விடுமுறை நாள் கூட்டம் பாதியாகக் குறைகிற ஒரு மாதத்தையும் பார்க்க வேண்டும். மொத்த வியாபாரம் 1,28,000 ரூபாய். விஸ்தரிக்காத கடையில் எல்லாம் போக 30,000 ரூபாய் நிற்கும். வயிற்றைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளலாம். விஸ்தரித்த கடையிலோ 18,570 ரூபாய் கைநஷ்டம். அந்த மாதத் தவணைக்கு நகை அடகுக்குப் போகும். பாங்கி அதிகாரி நல்ல மாதத்தின் கணக்கைக் கேட்பார்; குடும்பம் யோசிக்க வேண்டியது மோசமான மாதத்தின் கணக்கை.

மானியம் தீர்த்துவிடுமா?

"மானியம் இருக்கிறதே" என்ற பதில் வரும். உண்மைதான். 2020ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் தொடங்கிய குறு உணவுத் தொழில்களுக்கான திட்டத்தில், திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, கடனோடு இணைந்த மானியமாக வைக்கப்பட்டது. 2023இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 35 சதவீத மானியமும் வட்டிச் சலுகையும் அளிப்பதற்காக ஏற்பட்டது. வசதியில்லாத குடும்பங்களுக்கு இவை பெரிய துணை என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் மேலே போட்ட கணக்கில் மானியத்தைச் சேர்த்துப் பார்க்கலாம். மூன்றரை லட்சம் ரூபாய் முதல் நாளிலேயே கடனில் கழிந்துவிட்டதாக வைத்துக்கொண்டாலும் தவணை 11,960 ரூபாயாகக் குறைகிறதே தவிர, ஆள் கூலியும் மின்சாரமும் அப்படியே நிற்கின்றன. மாதம் 1,36,500 ரூபாய்க்குக் கூடுதல் வியாபாரம் அப்போதும் தேவை. மானியம் இயந்திரம் வாங்கிக் கொடுக்கும். வாடிக்கைக்காரரை வாங்கிக் கொடுக்காது. மானியம் கிடைக்கிறது என்பதற்காகத் தேவைக்கு மேற்பட்ட இயந்திரத்தை வாங்குவது, தள்ளுபடி விலையில் கிடைக்கிறது என்று காலுக்குப் பெரிய செருப்பை வாங்குவது போலத்தான்.

வரி குறைந்ததால் லாபம் யாருக்கு?

வரிக் குறைப்பையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். ரொட்டிக்கு 2017 ஜூலையில் இந்த வரி முறை வந்த நாளிலிருந்தே வரி இல்லை. பிஸ்கட்டுக்கும் கேக்குக்கும்தான் 18 சதவீதம் இருந்தது. பொருள் மட்டும் விற்கும் சிறு வியாபாரி ஆண்டு வியாபாரம் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை. கடையிலேயே உட்காரவைத்து டீயும் பலகாரமும் கொடுத்தால் அந்த வரம்பு 20 லட்சம். நம் ஊர்ப் பேக்கரிகளில் டீ இல்லாத பேக்கரி எது? ஆகவே இந்த இரண்டாவது வரம்பைத்தான் பலரும் கவனிக்க வேண்டும். மேலே கண்ட உதாரணக் கடையின் ஆண்டு வியாபாரமே 20 லட்சத்தைத் தொட்டுவிடுகிறது.

சென்ற காலத்தில் பெரிய கம்பெனி பிஸ்கட்டின் விலையில் 18 சதவீத வரி அடங்கியிருந்தது. பதிவு வரம்புக்குக் கீழே இருந்த சிறு பேக்கரிக்காரர் அந்த வரியை வசூலிக்க வேண்டியதில்லை. சரக்கு வாங்கும்போது கொடுத்த வரியை அவர் திரும்பப் பெற முடியாது என்றாலும், விலையில் அவருக்கு ஒரு சாய்வு இருந்தது. இப்போது கம்பெனிக்கு வரி 5 சதவீதம்தான். அதே விலைப் பொட்டலத்தில் அவர்கள் கூடுதல் எடை கொடுக்கலாம், விலையைக் குறைக்கலாம். சிறு கடைக்காரருக்கு இருந்த சாய்வு பெரும் பகுதி போய்விட்டது.

மறுபக்கமும் இருக்கிறது. வரம்பைத் தாண்டி வளர நினைப்பவருக்கு முன்பு 18 சதவீதம் பயமுறுத்தியது; இப்போது அந்தப் பயம் குறைவு. ஆண்டு வியாபாரம் ஒன்றரைக் கோடி வரை உள்ள உற்பத்தியாளர், இணக்க முறையில் வியாபாரத்தில் ஒரு சதவீதம் கட்டிவிட்டுப் போகவும் வழி இருக்கிறது. ஆகவே வரிக் குறைப்பு சொல்லும் சேதி இரண்டு: கம்பெனி செய்கிற அதே பிஸ்கட்டைச் செய்பவருக்குப் போட்டி கடுமையாகும், கம்பெனி செய்யாத பண்டத்தைச் செய்து வளர்பவருக்குப் பாதை சுலபமாகும்.

சட்டத்தின் வேலியும் இதே போலத்தான் விழுந்தது. சிறு தொழில்களுக்கென்று சில பண்டங்களை ஒதுக்கிவைக்கும் கொள்கை 1967இல் 47 பண்டங்களோடு தொடங்கி, பின்னர் எண்ணூறுக்கும் மேல் வளர்ந்தது. பிறகு படிப்படியாகச் சுருங்கியது. 2015 ஏப்ரலில் கடைசியாக மிஞ்சியிருந்த 20 பண்டங்களும் விடுவிக்கப்பட்டன. ஊறுகாய், மெழுகுவத்தி, தீப்பெட்டியோடு அந்தக் கடைசிப் பட்டியலில் ரொட்டியும் இருந்தது. இன்று சிறு பேக்கரிக்குச் சட்டத்தின் வேலியும் இல்லை, வரியின் வேலியும் அதிகம் இல்லை. ருசி, புதுமை, பக்கத்தில் இருத்தல் என்ற மூன்றுதான் பாக்கி.

வளர்ந்தவர்களும் வளராதவர்களும்

பேக்கரித் தொழிலின் சரித்திரத்தில் இரண்டு விதமான வெற்றிகளும் உண்டு. 1892இல் கல்கத்தாவில் 295 ரூபாய் முதலில், ஒரு சிறு வீட்டில் பிஸ்கட் செய்யத் தொடங்கியதுதான் பிற்காலத்துப் பிரிட்டானியா கம்பெனி. அதே கல்கத்தாவில் 1902இல் ஒரு யூதக் குடும்பம் தொடங்கிய நாஹும் பேக்கரி, நூறு வருஷத்துக்கு மேலாகியும் நியூ மார்க்கெட்டில் ஒரே கடையாக இருந்து பெயர் பெற்றது. ஒன்று வளர்ந்ததால் பிழைத்தது. மற்றொன்று வளராததால் பெயர் கெடாமல் இருந்தது.

மூன்றாவது வழி ஒன்றைக் கேரளத்தில் பார்க்கலாம். பர்மாவில் பிஸ்கட் செய்யக் கற்று வந்த மாம்பள்ளி பாப்பு என்பவர் 1880இல் தலைச்சேரியில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலை தொடங்கினார். 1883இல் ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி கேட்டுக்கொண்டதன் பேரில் கிறிஸ்துமஸ் கேக் செய்து கொடுத்தார். அந்தக் குடும்பம் ஒரே கடையைப் பெரிதாக்கிக்கொண்டே போகவில்லை. கைத்திறன் கற்ற உறவினர்கள் வெவ்வேறு ஊர்களுக்குப் போய், வெவ்வேறு பெயர்களில் தனித்தனிக் கடைகள் வைத்தார்கள். அடுப்பு பெரிதாகவில்லை, அடுப்புகளின் எண்ணிக்கை பெருகியது. ஒன்றில் நஷ்டம் வந்தால் மற்றொன்று முழுகவில்லை.

பெரிது என்பதாலேயே நிலைத்துவிடும் என்பதும் இல்லை. 1965இல் ஆஸ்திரேலிய உதவியோடு அரசாங்கமே தொடங்கிய மாடர்ன் பேக்கரீஸ், நாடு முழுதும் ரொட்டி விற்றது. ஆனால் 2000ஆம் ஆண்டு ஜனவரியில் அதன் 74 சதவீதப் பங்குகள் ஒரு தனியார் கம்பெனிக்கு விற்கப்பட்டன.

வெளியிலிருந்து வரும் பொருளை நம்பி நிற்பதன் ஆபத்தையும் அண்மைக் காலம் காட்டிவிட்டது. 2022 மார்ச்சில் இலங்கையில் சமையல் எரிவாயு தட்டுப்பட்டபோது, சுமார் ஆயிரம் பேக்கரிகள் மூடிக்கிடப்பதாக அந்நாட்டுப் பேக்கரி உரிமையாளர் சங்கம் கூறியது. அதே வருஷம் உக்ரைன் யுத்தத்தால் உலகச் சந்தையில் கோதுமை விலை ஏறி, மே மாதம் இந்தியா கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்தது. எங்கோ நடக்கும் யுத்தம் மலைமேல் இருக்கும் பன்னின் விலையைத் தொடுகிறது. கடன் சுமை இல்லாத கடை அந்த அதிர்ச்சியைத் தாங்கும். சுமை ஏறிய கடை தடுமாறும்.

சாமையும் மைதாவும்

அப்படியானால் மலைப் பேக்கரி வளரவே கூடாதா? வளரலாம், எதை வைத்து வளர்வது என்பதுதான் கேள்வி. இதற்குப் பதில் மலையின் வயலிலேயே இருக்கிறது.

கொல்லிமலை சாமைக்கும் தினைக்கும் கேழ்வரகுக்கும் பேர்போன மலை. ரேஷன் அரிசி வந்த பிறகும், சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி போகத் தொடங்கிய பிறகும், இந்தத் தானியங்களின் சாகுபடி வெகுவாகச் சுருங்கிவிட்டது. மரவள்ளி ரொக்கப் பணம் தருகிறது. சாமை வீட்டுச் சோறு மட்டும் தந்தது. உமி நீக்குவது பெண்களின் முதுகை ஒடித்த வேலை. கேழ்வரகைக் கதிரடித்தால் போதும். சாமை, தினை, பனிவரகு ஆகியவற்றை உரலிலிட்டுக் குத்தித்தான் அரிசியாக்க வேண்டும்.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலையில் பல வருஷங்களாகச் செய்த வேலையின் முக்கியமான பகுதி இதுதான். பாரம்பரிய விதைகளைக் காப்பாற்றுவதோடு நிற்காமல், கிராமங்களில் உமி நீக்கும் இயந்திரங்களும் மாவரைக்கும் இயந்திரங்களும் வைத்து, மகளிர் குழுக்களைக் கொண்டு சிறுதானிய அரிசி, ரவை, ராகி மாவுப் பண்டங்களைத் தயாரித்து விற்கச் செய்தார்கள். அதிலிருந்து கிடைத்த பாடம் பேக்கரிக்கும் பொருந்தும். பண்டம் செய்வது அரை வேலைதான். ஒரே தரத்தில் செய்வது, பொட்டலம் கட்டுவது, மாதம் தவறாமல் வாங்கும் ஆளைப் பிடிப்பது இவைதான் மற்ற அரை. இந்த இரண்டாவது பாதியைத் தனித்தனி வீடுகள் செய்வதைவிடக் குழுவாகச் சேர்ந்து செய்வது சுலபம்.

இதில் ஒரு தொழில் நுணுக்கமும் உண்டு. ரொட்டி உப்புவதற்குக் காரணம் கோதுமையில் உள்ள பசைச் சத்து. சாமையிலும் தினையிலும் கேழ்வரகிலும் அது இல்லை. ஆகவே அவற்றால் மட்டும் பஞ்சு போன்ற ரொட்டி செய்ய முடியாது. பிஸ்கட்டுக்கோ அது வேண்டியதில்லை. உப்பாமல், மொறுமொறுப்பாக இருந்தாலே பிஸ்கட். ரொட்டி மூன்று நாளில் பூசணம் பிடிக்கும். ஈரம் போகச் சுட்டுக் காற்றுப் புகாமல் கட்டிய பிஸ்கட் வாரக்கணக்கில் நிற்கும். மலையில் விளைவதும் பிஸ்கட்டுக்குத்தான் ஏற்றது. மலையிலிருந்து இறங்கிப் போகத் தாங்குவதும் பிஸ்கட்தான். இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

நீலகிரியில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. ஊட்டி வர்க்கியை அறியாதவர் இல்லை. சிறு சிறு பேக்கரிகள் விறகு அடுப்பில் செய்து வந்த பண்டம் அது. ஊட்டிக்குப் போனவர்கள் வீட்டுக்கு வாங்கி வருவது வழக்கமாகி, அந்த ஊரின் பெயரே பண்டத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. வர்க்கியை மலையிலிருந்து இறக்கியவர்கள் ஏஜண்டுகள் அல்ல, சுற்றுலா வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்திற்கு அங்கேயே தின்று முடிக்கும் கேக்கை விற்பதைவிட, கையோடு எடுத்துப் போகும் பண்டத்தை விற்பது புத்திசாலித்தனம் என்பது இதன் பொருள்.

நடுவழி

உதாரணக் கடைக்கே திரும்பினால், பத்து லட்சம் போட்டு இன்னொரு அடுப்பு வைப்பதற்கு முன்னால் இருக்கிற அடுப்பு முழு நேரமும் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். செங்கல் கட்டிய விறகு அடுப்பு ஒரு தடவை காய்ந்தால் சூடு மெதுவாகத்தான் இறங்கும். கடும் சூட்டில் ரொட்டி, பன். சூடு தணிந்ததும் பிஸ்கட். கடைசி வெதுவெதுப்பில் ரஸ்க் காயவைப்பது என்பது பழைய பேக்கரிக்காரர்கள் அறிந்த முறை. பன்னை எடுத்ததும் அடுப்பைச் சும்மா விடுகிற கடையில், விறகின் பாதிச் சூடு புகைபோக்கி வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. விஸ்தரிப்பு முதலில் அங்கே தொடங்கலாம்.

நடுத்தர அளவில் மாவு பிசையும் இயந்திரம், சில தட்டுகள், பொட்டலம் ஒட்டும் கருவி ஆகியவற்றுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். கையிலிருந்து 30,000, கடன் 1,20,000. மூன்று வருஷத் தவணையில் மாதம் சுமார் 3,930 ரூபாய். மின்சாரம் ஓர் ஆயிரம். இதைச் சம்பாதிக்க மாதம் 16,500 ரூபாய்க்குக் கூடுதல் வியாபாரம் போதும். நாளுக்கு 550 ரூபாய். புது ஆள் வேண்டியதில்லை. இயந்திரம் பிசைவதால் மிஞ்சும் நேரத்தில் வீட்டார் பிஸ்கட் செய்யலாம். மழை பிடித்த மாதத்திலும் 25,000 ரூபாய் வீட்டுக்கு நிற்கும். ஒரு வருஷம் இப்படி நடத்திப் பார்த்து, பிஸ்கட்டுக்குச் சாதாரண நாட்களிலும் கிராக்கி இருப்பது நிச்சயமானால், அடுத்த அடி வைக்கலாம். அப்போது பாங்கிக்குக் காட்ட ஆசை மட்டும் அல்ல, கணக்குப் புத்தகமும் இருக்கும்.

சில எச்சரிக்கைகளும் அவசியம். கீழே உள்ள கடைகளுக்குச் சரக்குப் போடும்போது, விற்காத ரொட்டியைத் திருப்பிக் கொடுப்பதும், விற்ற பணத்தைத் தவணையில் கொடுப்பதும் இந்த வியாபாரத்தில் சகஜம். மலையிலிருந்து கடனுக்குச் சரக்குப் போடுபவர், தாம் பாங்கியில் வாங்கிய கடனை நகரத்துக் கடைக்காரருக்கு வட்டியில்லாமல் கொடுக்கிறார் என்றே அர்த்தம். சிறுதானிய மாவு நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். ஆகவே தானியமாக வைத்திருந்து அவ்வப்போது அரைத்துக்கொள்ள வேண்டும். பொட்டலத்தில் எடை, சேர்மானம், தயாரித்த தேதி, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். நூற்றுக்குப் பத்துப் பங்கு தினையைச் சேர்த்துவிட்டு "தினை பிஸ்கட்" என்று பெரிய எழுத்தில் அச்சடித்தால், பெயர் ஒரு பருவம்கூட நிற்காது.

குடும்பம் கேட்டுக்கொள்ள வேண்டியவை

முடிவெடுக்குமுன் வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் நான்கு. மோசமான மாதத்தின் வருமானத்திலிருந்து தவணை கட்ட முடியுமா? புதிய சரக்கைச் செவ்வாய்க்கிழமை வாங்குகிறவர் யார்? விடியற்காலை எழுகிற ஆள் ஒருவர் படுத்துவிட்டால் அந்த இடத்தில் நிற்பவர் யார்? பத்து வருஷம் கழித்து இந்த அடுப்பை ஏற்று நடத்தப் பிள்ளைகளுக்கு மனம் இருக்கிறதா?

கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் யாரும் வாய் திறப்பதில்லை. பிள்ளையைக் கேட்காமலே பிள்ளைக்காகக் கடன் வாங்கிவிடுகிறார்கள். படித்துவிட்டு நாமக்கல்லுக்கோ கோயமுத்தூருக்கோ போக நினைக்கும் பையன் தலையில் அடுப்பையும் கடனையும் கட்டிவிடுவது வளர்ச்சி ஆகாது. அதே சமயம், மலையிலேயே பிழைக்க ஒரு கௌரவமான வழி இருந்தால் இங்கேயே இருந்துவிட விரும்பும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு வேலை கொடுக்கக்கூடிய தொழில்கள் மலையில் அதிகம் இல்லை. ஒரு பேக்கரி தினை வாங்கத் தொடங்கினால், தினை விதைக்க நாலு வீட்டுக்குக் காரணம் கிடைக்கிறது. உமி நீக்கும் இயந்திரம் ஓடுகிறது. மரவள்ளிக்குக் கொடுத்த நிலத்தில் ஒரு மூலையாவது திரும்பி வருகிறது. வளர்ச்சியின் பலன் ஒரு வீட்டோடு நிற்பதில்லை.

ஆகவே கொல்லிமலைப் பேக்கரிக்காரருக்குச் சொல்லக்கூடியது இதுதான்: அடுப்பைப் பெரிதாக்க அவசரம் வேண்டாம், அடுப்பில் வேகும் பண்டத்தை மாற்றுவதில் தாமதம் வேண்டாம். கீழேயிருந்து ஏறிவரும் மைதாவை இன்னும் அதிகமாகச் சுடுவதற்காக வாங்கும் கடன் ஆபத்தானது. மேலே விளையும் தானியத்தை, கெடாத பண்டமாக்கி, வந்து போகிறவர் கையில் கொடுத்தனுப்பப் போடும் முதல் சிறியதானாலும் பலன் உள்ளது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள் நம் பெரியவர்கள். அடுப்பிலே போடுவதை அளக்காமல் போடலாமா?